டைமிங் பெல்ட்டின் காலாவதி தேதி

மருந்துக்கடைக்காரர் காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இன்ஜினுக்குள் எங்கேயாவது தேதி அச்சடித்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். மாத்திரைப் பட்டையாக இருந்தால் ஓரத்தில் போட்டிருப்பான். இருமல் டானிக்காக இருந்தால் லேபிளில் போட்டிருப்பான். இந்த இரும்புக் குவியலில் எங்கே போட்டுத் தொலைத்திருக்கிறான் என்று தெரியவில்லை.

பின்சீட்டில் மகளின் பெட்டிகள் ஏறிவிட்டன. தலையணைகூட ஏறிவிட்டது. மாட்டு டாக்டருக்குப் படித்து முடித்தவள். ஒரு பகல் முழுக்க ஓட்டினால்தான் போய்ச்சேரக்கூடிய ஓர் ஊரில், பெரிய பால்பண்ணை ஒன்றில் வேலை கிடைத்து, இன்றைக்குக் காலையில் புறப்படுகிறாள். ஊர் ஊராகச் சுற்றி மாடு பார்க்க வேண்டும் என்பதால் அவளே தேடி வாங்கிய பழைய கார் இது. வீட்டு வாசலுக்கு இன்னும் சரியாகப் பழகக்கூட இல்லை.

ஒரே மகள். போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போய்வா என்று சொல்ல மனசு வரவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் திரிந்தவருக்கு, நேற்றுச் சாயங்காலம் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்த ஒருவர் வழிகாட்டினார். அவருடைய காரில் இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை நடுரோட்டில் அறுந்து, வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதி இன்ஜினே போய்விட்டதாம். அறுவதற்கு முன்னால் ஒரு சத்தமில்லை, முனகலில்லை. இத்தனை கிலோமீட்டர் ஓடினால் மாற்றணும். ஓடாமல் சும்மா நின்றாலும் இத்தனை வருஷத்தில் ரப்பர் இற்றுப்போகும், மாற்றணும். எது முந்துகிறதோ அதுதான் கணக்கு.

மருந்துக்கடைக்காரருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. சீல் உடைத்தாலும் உடைக்காவிட்டாலும் தேதி தேதிதான் என்று இத்தனை காலமாக அவர் கரடியாகக் கத்திக்கொண்டிருப்பதும் இதைத்தானே.

"என்னப்பா தேடறீங்க?" என்று மகள் வந்து நின்றாள்.

அவர் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார். "டைமிங் பெல்ட் கடைசியா எப்ப மாத்தினது?"

"தெரியலையேப்பா. வித்தவங்க ஒண்ணும் சொல்லல."

"தெரியலன்னா மாத்திடணும். தேதி தெரியாத மாத்திரைய நான் யாருக்காவது குடுப்பனா?"

சாப்பாட்டு டப்பாவோடு வந்த அம்மா இதைக் கேட்டுவிட்டாள். "ஏங்க, நேத்து வரைக்கும் இந்த வண்டில ஹாரன் எங்க இருக்குன்னு கேட்டுட்டிருந்தீங்க."

அவர் அசரவில்லை. வால்வு என்ன செய்யும், பிஸ்டன் என்ன செய்யும், பெல்ட் இற்றுப்போனால் பெற்ற பிள்ளை எந்தப் பொட்டல்காட்டில் நிற்கும் என்று நேற்றுக் கேட்டதை இன்று தன் சரக்காக எடுத்துவிட்டார். அம்மாவே கொஞ்சம் பயந்துபோனாள். மகள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சரிப்பா. பாத்துட்டே போலாம்" என்றாள்.

மறுபேச்சு இல்லை. எதிர்த்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இப்படி நம்புகிற பிள்ளையை ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சில் முள் குத்தியது. குத்தட்டும், இன்னும் ஒரு நாள் வீட்டில் இருப்பாளே என்று முள்ளைச் சமாதானப்படுத்திவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்குக்கு 'அரைச்சொல்' என்று பேர். யாரிடமும் முழுச்சொல்லைச் செலவழிக்க மாட்டார். வண்டி ஓடுமா என்று கேட்டால் "ம்". ஓடாதா என்று கேட்டால் அதுவும் "ம்". எந்த "ம்" எந்த "ம்" என்று வண்டிக்காரர்கள்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். வேலை சுத்தம் என்பதால் யாரும் குறைசொன்னதில்லை.

அரைச்சொல் பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மருந்துக்கடைக்காரர் அவருக்கே டைமிங் பெல்ட் பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. எதிர்க்கடையில் குடிக்கத் தண்ணீர் வாங்கிவரச் சொல்லி மகள் அப்பாவை அனுப்பினாள். அவர் பாட்டிலோடு திரும்பி வந்தபோது அரைச்சொல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாத்தணும்" என்றார்.

மருந்துக்கடைக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. "நான் சொல்லல? எவ்வளவு நாளாகும்?"

"சாயங்காலம்."

பாவாத கால் சட்டென்று தரையில் பாவி நின்றுவிட்டது. ஒரு பகல் வேலைக்கா இத்தனை நாடகம்? மகளை முன்னால் நடக்கவிட்டு, அவர் திரும்பி ஓடிவந்து அரைச்சொல்லின் காதோரம் நின்றார்.

"அவசரப்படாதீங்க. நிதானமா செய்யுங்க. நாலஞ்சு நாள் ஆனாலும் பரவால்ல. ஒரிஜினல் பெல்ட் வெளியூர்லேந்து வரணும்னு சொல்லிடுங்க."

அரைச்சொல் அவரையே சற்று நேரம் பார்த்தார். "ம்" என்றார்.

அடுத்து வந்த நாட்கள் மருந்துக்கடைக்காரருக்குப் பொற்காலம். மகள் தினமும் கடைக்கு வந்தாள். சின்ன வயதில் கவுன்ட்டருக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள், இப்போது கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்துச் சொன்னாள். மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் இரண்டு பேரும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டார்கள். பசுவுக்குக் காய்ச்சல் வந்தால் எவ்வளவு பெரிய மாத்திரை என்று அவள் கையை விரித்துக் காட்ட, அதை விற்க எத்தனை பெரிய பாட்டில் வேண்டும் என்று அவர் கவலைப்பட்டார். அவருக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. இதுவே போதும் போலிருந்தது.

ஒரே ஒரு குறை. தினமும் காலையில் எழுந்ததும் அவள், "வண்டி எப்பப்பா வரும்?" என்று கேட்டாள். மாட்டுத்தொழுவத்துக்கென்று வாங்கிய ரப்பர் பூட்ஸை வேறு எடுத்து எடுத்துத் துடைத்து வைத்தாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள் என்று அவர் பல் தேய்த்துக்கொண்டே பெருமூச்சு விட்டார். பற்பசை மூக்கில் ஏறியதுதான் மிச்சம்.

கணவன் பெல்ட்டுக்காகக் காத்திருக்கலாம், அம்மாவுக்கு அதெல்லாம் பொறுக்கவில்லை. தன் தம்பிக்குப் போன் போட்டாள். மெத்தைக் கடை வைத்திருக்கும் அந்தத் தம்பியிடம் மெத்தை ஏற்றும் வேன் ஒன்று இருந்தது. பெட்டி படுக்கையோடு மருமகளை நாளைக்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன், கார் பிறகு நிதானமாக வந்து சேரட்டும் என்று அவன் வாக்குக் கொடுத்துவிட்டான்.

மருந்துக்கடைக்காரருக்குத் தலையில் இடி விழுந்தது. கார் போகாமல் தடுத்தால் மகளே போய்விடுவாள் போலிருக்கிறதே. உடனே மச்சினனின் கடைக்குப் போனார். மச்சினன் பயந்த சுபாவம். தும்மினால் மூக்குக்கு ஒன்று, தும்மாமல் இருந்தால் ஏன் தும்மல் வரவில்லை என்று ஒன்று, என மாத்திரை வாங்கித் தின்கிறவன்.

"மாப்ள, உன் வேன்ல டைமிங் பெல்ட் எப்ப மாத்தினே?"

"அப்படின்னா என்ன மாமா?"

போதும். மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் ஒரு மெத்தையில் உட்கார்ந்து, வால்விலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொன்னார். பிஸ்டனுக்கு வருவதற்குள் மச்சினனுக்கு வியர்த்துவிட்டது. வேன் நேராகப் பட்டறைக்குப் போனது. அரைச்சொல் அதைப் பிரித்துப் பார்த்தால், பெல்ட் பாளம் பாளமாக வெடித்து இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தது. நல்லவேளை பார்த்தோம் என்று அரைச்சொல்லே வாயைத் திறந்து சொன்னாராம். அவர் அத்தனை நீளமாகப் பேசியது இதுவே முதல் தடவை என்பதால், கேட்டவர்கள் எல்லாரும் கிலியடித்துப் போனார்கள்.

அப்புறம் நடந்ததுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

வேன் பட்டறையில் படுத்துவிட்டதால் விற்ற மெத்தைகளை அனுப்ப வழியில்லை. கடையிலும் இடமில்லை. "உங்களாலதானே மாமா, கொஞ்ச நாளைக்கு வச்சுக்குங்க" என்று மச்சினன் அத்தனையையும் அக்கா வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து அடுக்கிவிட்டான். கதவைத் திறந்தால் மெத்தை. டிவிக்கு முன்னால் மெத்தை. அம்மா சமையலறையிலிருந்து வெளியே வர மெத்தைமேல் ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக் உறை சரசரவென்று சத்தம் போட்டது. மகள் மட்டும் எல்லாவற்றுக்கும் உச்சியில் ஏறிப் படுத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

"இந்த வீட்ல ஒரு மனுஷி நடமாடணும்னு நெனப்பிருக்கா உங்களுக்கு?" என்று அம்மா கேட்டாள். அவர் நல்ல பிள்ளையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

மச்சினன் தான் உயிர்தப்பிய கதையைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். அதைக் கேட்டவர்கள் மருந்துக்கடைக்கு வந்தார்கள். தலைவலிக்கு மாத்திரை வாங்கிவிட்டு, என் வண்டிக்கும் பெல்ட் இருக்குமா சார் என்று கேட்டார்கள். தபால் ஆபீஸ்காரர் கேட்டார். பல் டாக்டர் கேட்டார். கார் வைத்திருக்காத சலூன்காரர்கூட, வருமுன் காப்போம் என்று கேட்டுவைத்துக்கொண்டார். வாய் சும்மா இருந்தால்தானே. வாங்கின தேதி தெரியாதா, மாத்திடுங்க. ரொம்ப நாளா நிக்குதா, மாத்திடுங்க. மாத்தும்போதே தண்ணி பம்ப்பையும் சேர்த்து மாத்திடுங்க, ரெட்டைக் கூலி மிச்சம் என்று அவர் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று சீட்டு எழுதாத குறையாக வைத்தியம் பார்த்தார். தெருவில் பாதிக் கார் பட்டறை வாசலில் வரிசை கட்டியது. மகளின் கார் எல்லாவற்றுக்கும் பின்னால், கொட்டகையின் மூலைச் சுவரை ஒட்டி மாட்டிக்கொண்டது.

அந்த வாரக் கடைசியில் மகளுக்குப் பண்ணையிலிருந்து போன் வந்தது. அவள் கொல்லைப்பக்கம் போய்ப் பேசினாள். ஜன்னல் வழியே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பேசி முடித்தும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முகம் வாடிப்போயிருந்தது.

"என்ன கண்ணு?"

"திங்கட்கிழமைக்குள்ள வண்டியோட வரலேன்னா வேற ஆளப் போட்டுடுவாங்களாம்ப்பா. இதுக்கு மேல அவங்களாலயும் தள்ள முடியாதாம்."

"பஸ்ல போயிடலாமே?"

"வண்டி இருந்தாத்தான் வேலை. ஊர் ஊரா நான்தானே போகணும்?" அவள் சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை.

மருந்துக்கடைக்காரர் மெத்தைக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரியெல்லாம் கண்விழித்துப் படித்தவள். முதல் தடவை கன்றுக்குட்டி ஒன்றை உயிரோடு வெளியே எடுத்துவிட்டு, சேறும் சகதியுமாக நின்று அவருக்குப் போன் செய்து அழுதவள். அவள் தேடிக்கொண்ட வேலையை, நான்கு நாள் கூட உட்கார்ந்து சாப்பிடும் ஆசையில் தானே குழிதோண்டிப் புதைத்துவிட்டோமே என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பட்டறைக்கு ஓடினார்.

"பெல்ட் மாட்டியாச்சா?"

"ம்."

"அப்ப குடுங்க, இப்பவே வேணும்."

அரைச்சொல் கையை நீட்டிக் காட்டினார். மூலையில் மகளின் கார். அதற்கு முன்னால் மெத்தை வேன். அதற்கு முன்னால் பல் டாக்டர் கார், தபால் ஆபீஸ்காரர் கார், இன்னும் யார் யாருடையதோ, எல்லாம் பானெட்டைத் திறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. எதை நகர்த்தவும் அவரவர் வந்து சம்மதிக்க வேண்டும்.

அவர் வீடு வீடாகப் போனார். வண்டியைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்கலாமா என்று கெஞ்சினார்.

"பிரிச்ச வண்டிய தெருவுல விடறதா? பெல்ட் சமாசாரம் வெளையாட்டில்லன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார் பல் டாக்டர்.

"நான் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்."

"அப்ப எனக்குக் குடுக்கற மருந்தையும் கூட்டித்தான் குடுக்கறீங்களா?" என்று தபால் ஆபீஸ்காரர் குறுக்கே வந்தார்.

மருந்துக்கடைக்காரர் பேரம் பேசவேண்டியதாயிற்று. ஒருவருக்கு ஆயுள் முழுக்க இலவசமாக ரத்தக்கொதிப்பு பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். இன்னொருவர் மாமியாருக்கு மாதா மாதம் மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்தும் வைப்பதாக வாக்களித்தார். பிறகு அவரும் அரைச்சொல்லும் மச்சினனுமாக ஒவ்வொரு வண்டியாகத் தள்ளி வெளியே விட்டார்கள். வெள்ளைக் கோட்டில் கிரீஸ் அப்பியது. இடுப்பு பிடித்துக்கொண்டது. எல்லா இடுப்புக்கும் தைலம் விற்கிறவர், தன் இடுப்பைக் கையால் பிடித்தபடியே காரை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் விடிந்ததும் பெட்டிகள் மறுபடி ஏறின. தலையணையும் ஏறியது. புறப்படும்முன் ஒரு தடவை தெருவைச் சுற்றிவருவோம் என்று அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"சத்தத்தக் கவனி. முன்னைக்கு இப்ப எவ்வளவு சன்னமா இருக்கு பாத்தியா? புது பெல்ட்டு."

"ஆமாப்பா. நல்லாத் தெரியுது."

திருப்பத்தில் அவருக்குத் தாங்கவில்லை. "கண்ணு, அந்த பெல்ட்டு விஷயத்துல உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அது இத்தன நாள் இழுத்தது..."

"நல்லவேளை பாத்தீங்கப்பா" என்றாள் அவள் சட்டென்று. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க பாக்கலேன்னா அப்படியே கெளம்பிப் போயிருப்பேன்."

அத்தனை நம்பிக்கையை எப்படி உடைப்பது? எட்டிக் கை நீட்டி, ஹாரனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துக்கொண்டார்.

வாசலில் அம்மா மகளின் தோளைப் பிடித்து, வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள், மாட்டுக்குப் பின்பக்கமாக நிற்காதே என்றாள். அப்பா காய்ச்சலுக்கு, சளிக்கு, வயிற்றுக்கு என்று ஒரு பை நிறைய மருந்து கொடுத்தார். எல்லாவற்றிலும் தேதி பார்த்துத்தான் போட்டிருந்தார். மகள் அவரைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு வண்டியை எடுத்தாள். தெருமுனை திரும்பி மறைந்த பிறகும் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். மெத்தையெல்லாம் எப்போது போகும் என்று அம்மா கேட்டாள். குரல் உடைந்திருந்தது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடையைத் திறக்க மனசில்லை. கால்கள் தாமாகப் பட்டறைக்குப் போயின. வேலைக்குக் கூலி எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். அரைச்சொல் வேண்டாம் என்று தலையாட்டினார். எத்தனை வற்புறுத்தியும் ஒரு பைசா வாங்கவில்லை.

"சரி, கழட்டின பழைய பெல்ட்டையாவது குடுங்க. தேதி எப்ப முடிஞ்சிருக்குன்னு பாத்துக்கறேன். மனசு கொஞ்சம் ஆறும்."

அரைச்சொல் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். மருந்துக்கடைக்காரரிடம் முதல் தடவையாக முழுசாக வாயைத் திறந்தார்.

"பெல்ட்டா? அந்த வண்டிக்கு உள்ள பெல்ட்டுக்குப் பதிலா இருக்கறது இரும்புச் செயின் சார், லேசுல மாத்தவே வேண்டியதில்ல. மொத நாள் நீங்க தண்ணி வாங்கப் போனப்பவே பாப்பாகிட்ட சொல்லிட்டேன், அதுதான் என் கையப் பிடிச்சுட்டு, 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்கண்ணே, எனக்கும் கெளம்ப மனசே வரல, இந்தச் சாக்குல அப்பா எத்தன நாள் கேக்கறாரோ அத்தன நாள் வண்டிய நீங்களே வச்சுக்குங்க'ன்னுச்சு."